ஊறல் தண்ணீருக்கு ராஜமரியாதை

முன்னொரு காலத்தில், சோற்றுக்குப் பஞ்சமில்லாத, சோற்றைப் பற்றிய பெருமைக்கு அதைவிடவும் பஞ்சமில்லாத ஒரு நாட்டில், வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு ஊரில் இருக்க முடியாது என்பது வேறு விஷயம். அவரிடம் இருந்த ஒரே கோளாறு, பக்கத்து நாட்டு ராஜாவிடம் எது ஒன்று இருந்தாலும் தன்னிடம் அது பத்தாக இருக்க வேண்டும். அவர் ஒரு யானை வாங்கினால் இவர் பத்து யானை வாங்குவார். அவருக்கு ஒரு பல் வலித்தால் இவருக்குப் பத்துப் பல் வலிக்காத குறைதான்.

ஒரு தடவை பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனார். இலையில் புழுங்கல் அரிசிச் சோறு விழுந்தது. பருக்கை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றது. விசாரித்ததில், அரண்மனையிலேயே நூறு கொப்பரை வைத்து நெல் அவிக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைக் கேட்டதிலிருந்து நம் ராஜாவுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஊர் திரும்பியதும், குதிரையை விட்டு இறங்குவதற்கு முன்பே உத்தரவு போட்டுவிட்டார். நமக்கு ஆயிரம் கொப்பரை வேண்டும்.

உத்தரவைத் தலைமேல் தாங்கி நடத்தியவர் களஞ்சிய மந்திரி அனந்தராயர். நாட்டின் நெல்லும் அரிசியும் அவர் பொறுப்பு. ராஜா குடிகளுக்கு உண்ணவோ குடிக்கவோ எதை வழங்கினாலும், முதலில் ஒரு வாய் ருசி பார்த்து 'பேஷ்' என்று சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். மற்ற மந்திரிகளோடு மல்லுக்கட்டி வாங்கிய உரிமை அது. அவர் வயிற்றைப் பார்த்தாலே அந்த வருஷம் எத்தனை திருவிழா நடந்தது என்று சொல்லிவிடலாம்.

மேல்மடை என்ற இடத்தில், கால்வாய்க் கரையோரம் ஆயிரம் கொப்பரைகள் அடுப்பேறின. அந்த இடத்துக்கு நெல் சாலை என்று பெயர் வைத்தார்கள். நெல்லைத் தொட்டிகளில் கொட்டி மூன்று நாள் ஊறவைப்பார்கள். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, நெல்லை அவித்து, களத்தில் உலர்த்தி, குத்திப் புடைப்பார்கள். அரிசி அரண்மனைக்குப் போகும். மீதியெல்லாம் எங்கே போகிறது என்று ராஜா கேட்கவில்லை. கேட்காததை மந்திரி சொல்லவில்லை. நெல் மூன்று நாள் ஊறிய தண்ணீர் இருக்கிறதே, அதன் நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. முடிந்தாலும் வேண்டாம், யாராவது சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கக் கூடும்.

ஒரு வீட்டில் ஒரு பானை நெல் ஊறினால் அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டுப் போகலாம். ஆயிரம் கொப்பரைக்கு ஊறிய தண்ணீரை என்ன செய்வது? கால்வாயில் திறந்துவிட்டார்கள். கால்வாய் நேரே கீழ்மடை ஏரிக்குப் போயிற்று. உமியை மலைமலையாகக் குவித்துக் கொளுத்தினார்கள். சாம்பலும் காற்றோடு கீழ்மடைக்கே போய் இறங்கியது. அரண்மனைக்கு வரும் வாய்க்கால் மட்டும் மேல்மடைக்கு மேலேயே பிரிந்துவிடுவதால், ராஜாவின் குளியலுக்கு ஒரு குறையும் வரவில்லை.

கீழ்மடைக்காரர்கள் நாலு தடவை வந்து முறையிட்டார்கள். அரண்மனைக் கழிவு எங்கள் ஏரியைக் கெடுக்கிறது என்று அழுதார்கள். மூன்று தடவை அனந்தராயர் பார்க்கலாம் என்றார். நாலாவது தடவை அவருக்கு ஓர் அருமையான யோசனை உதித்தது. கழிவு இருந்தால்தானே கழிவைப் பற்றிப் புகார் வரும்? கழிவே இல்லையென்று ஆக்கிவிட்டால்? ராஜாவிடம் பக்குவமாகப் பேசி ஒரு கட்டளை எழுதி முத்திரை வாங்கினார். 'அரண்மனை நெல்லிலிருந்து வரும் நீர், உமி, சாம்பல், நுரை யாவும் ராஜ உடைமை. அவற்றைக் கழிவு என்று சொல்பவர், அவர் யாராயிருந்தாலும், கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றப்படுவர்.' மறுநாளிலிருந்து அந்த நாட்டில் கழிவு என்பதே இல்லாமல் போயிற்று. ஏரி மட்டும் முன்னைவிடக் கறுத்தது.

அரண்மனையில் பூவராகன் என்று ஒரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். அவன் ஆசனம் ராஜாவுக்கு வலப்பக்கம், அனந்தராயர் ஆசனத்தைவிட இரண்டு முழம் நெருக்கம். அந்த இரண்டு முழத்தை நினைத்து நினைத்து மந்திரிக்கு வயிறு எரிந்தது. தன் வாய்தான் தனக்குச் சோறு போடுகிறது என்பது பூவராகனுக்குத் தெரியும். ஆகவே ராஜாவுக்குப் பிடிக்காத சங்கதிகளில் அவன் தலையிடுவதில்லை. நெல் சாலையைப் பற்றியும் அதுவரை வாய் திறக்காமல்தான் இருந்தான். கீழ்மடை அவன் பிறந்த ஊராக இருந்தும் திறக்கவில்லை.

ஒருநாள் காலையில் அவன் அக்காள் மங்கை வந்து நின்றாள். கீழ்மடையில் நாலு எருமை வைத்துப் பிழைப்பவள். கையில் ஒரு சொம்பு. சௌக்கியமா என்று அவன் கேட்டதும் சொம்பை அவன் முன்னால் வைத்தாள். உள்ளே பழுப்பாக, மேலே நுரை கட்டிய தண்ணீர்.

"குடி, தம்பி."

அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"எதுக்குப் போறே? இது ராஜாவோட தண்ணியாம்ல. நாங்க தெனம் இதைத்தான் வடிகட்டிக் குடிக்கிறோம். பச்சைப் புள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் சொறி. என் எருமைங்க கரைக்கு வந்து மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போகுது. வர்ற அமாவாசைக்கு ஊரே காலி பண்ணப்போறோம், வண்டி கட்டியாச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நீ பாட்டுக்கு ராஜாவைச் சிரிக்க வையி."

அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தாங்கியிருக்கும். திட்டவில்லை. சொம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். பூவராகனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஏரியில்தான் அவன் நீச்சல் கற்றுக்கொண்டான். அந்த ஊர்ச் சோறு தின்று வளர்ந்த வாயை இத்தனை மாதம் மூடி வைத்திருந்தோமே என்று அன்றைக்கு அவன் சாப்பிடவேயில்லை.

மறுநாள் சபையில் எழுந்து, கீழ்மடை ஏரித் தண்ணீர் சரியில்லை என்று மட்டும் சொன்னான். அனந்தராயர் காத்திருந்தவர் மாதிரி முன்னால் வந்தார். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, அதற்கு என்ன பெயர், கொஞ்சம் விளக்கமாகச் சொல்லும் என்று குழைந்து குழைந்து கேட்டார். அந்த ஒரு சொல்லை அவன் வாயிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்பது திட்டம். வாசலில் கழுதைகூடத் தயாராக நின்றதாகக் கேள்வி. பூவராகன் பிடி கொடுக்கவில்லை. ராஜாவின் உடைமைக்குப் பெயர் வைக்க அடியேன் யார் என்று கும்பிட்டுவிட்டான்.

அது பலிக்காமற் போகவே மந்திரி வேறு பக்கம் திரும்பினார். "பிரபு, பூவராகனாரின் புத்திக்கு எட்டாதது உண்டா? இந்தப் பிரச்சினையை அவரிடமே ஒப்படைக்கலாமே" என்றார். ராஜாவுக்கு இந்த மாதிரி வேடிக்கை என்றால் கரும்பு. அங்கேயே தீர்ப்பாகச் சொல்லிவிட்டார். எட்டு நாளில் கீழ்மடைப் புகார் ஓய வேண்டும். ஆனால் ஆயிரம் கொப்பரையில் ஒன்றின் அடுப்புகூட அணையக் கூடாது. முடியாவிட்டால் கீழ்மடையைக் காலி செய்து ஏரியை நெல் சாலைக்கே எழுதிவைத்துவிட வேண்டியது. பூவராகனும் அந்த ஊர்க்காரர்களோடு நாட்டைவிட்டு நடையைக் கட்ட வேண்டியது.

சபை சிரித்தது. பூவராகன் ஒரே ஓர் உதவி கேட்டான். ஊறல் நீர் முதல் சாம்பல்வரை எல்லாம் ராஜ உடைமை என்ற கட்டளையைக் கீழ்மடையில் தமுக்கடித்து ஒருதரம் வாசிக்க வேண்டும், பட்டிக்காட்டு ஜனங்கள் இன்னும் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றான். அனந்தராயருக்கு ஒரே ஆனந்தம். தானே போய் வாசித்துவிட்டு வந்தார், மூக்கில் பன்னீர்த் துணியைக் கட்டிக்கொண்டு.

அந்த நாட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ராஜாவின் தாத்தா காலத்தில் தொலைந்துபோன முத்திரை மோதிரத்தை வாத்து மேய்க்கிறவன் ஒருவன் வயலில் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தச் சந்தோஷத்தில் தாத்தா ஒரு சட்டம் போட்டார். அரண்மனைப் பொருள் எது வெளியே கிடைத்தாலும், கண்டெடுத்தவர் வெண்குடை பிடித்து மேளதாளத்தோடு கோட்டைக்குக் கொண்டுவர வேண்டும். ராஜாவே எதிர்கொண்டு போய் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பொருளைச் சபை மண்டபத்தில் மூன்று நாள் எல்லாரும் பார்க்க வைத்திருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் சபை கூடாமல் இருக்கக் கூடாது. அதன் பிறகு இரண்டு கிளி, ஒரு வாள், ராணியின் ஒற்றைக் கொலுசு என்று அவ்வப்போது ஏதோ திரும்பி வரும். சின்ன வைபவம், வெற்றிலை பாக்கோடு முடிந்துவிடும்.

பூவராகன் கீழ்மடைக்குப் போய் மங்கை அக்காளிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் வீடு வீடாகப் போய்ப் பானை கேட்க ஆரம்பித்தாள். ஊரைக் காலி செய்யக் கட்டிவைத்திருந்த வண்டிகள் எல்லாம் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தன. மந்திரியின் ஒற்றர்கள் வந்து பார்த்துவிட்டு, பூவராகன் ஏரியில் தண்ணீர் மொள்ளுகிறான் என்று போய்ச் சொன்னார்கள். ஏரியைப் பானையால் இறைத்து வற்றவைக்கப் பார்க்கிறான் போலும் என்று மந்திரி விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆறாம் நாள் காலையில் கோட்டை வாசலில் மேளச் சத்தம் கேட்டது. நாயனம், தவில், நடுவில் வெண்குடை. பின்னால் முந்நூறு பானை, நாற்பது மூட்டை சாம்பல், வண்டி வண்டியாக நனைந்த உமி. முன்னால் பூவராகன் பட்டுடுத்திக் கைகட்டி வந்தான். ராஜ உடைமைகளைக் கீழ்மடைக் குடிகள் கண்டெடுத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கட்டியக்காரன் கூவினான்.

ராஜா ஆவலோடு இறங்கி வந்தார். மங்கை முதல் பானையை எடுத்து நீட்டினாள். ராஜா இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியதும் அவர் முகம் போன போக்கை யாரும் நிமிர்ந்து பார்க்கத் துணியவில்லை. கண்ணில் ஒற்ற வேண்டும் அல்லவா, அதற்குக் குனிந்தார். இரண்டு கண்ணிலும் நீர் தாரையாக வழிந்தது. ராஜாவுக்குத் தம் உடைமைமேல் எவ்வளவு பாசம் என்று பூவராகன் உரக்க வியந்தான்.

"இந்தக் க..." என்று ராஜா ஆரம்பித்தார். கட்டளையில் 'அவர் யாராயிருந்தாலும்' என்று தாமே முத்திரை வைத்தது ஞாபகம் வந்தது. "இந்தக் கனமான பானையை மெதுவாக உள்ளே கொண்டுபோங்கள்" என்று முடித்தார்.

முந்நூறு பானையும் மண்டபத்தில் வரிசையாக வைக்கப்பட்டன. முதல் நாள் புலவர் ஒருவர் பாட எழுந்தார்; மூச்சு இழுத்தார்; உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாள் வெயில் ஏறியதும் பானைகள் பொங்கி நுரைத்தன. சாம்பல் மூட்டை ஒன்று பிரிந்து சேனாபதி தும்மியதில் மண்டபமே கறுத்தது. மூக்கைப் பொத்த முடியாது, ராஜ உடைமைக்கு அவமரியாதை. எழுந்து போகவும் முடியாது, சபை கூடியிருக்க வேண்டும். அதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல் எல்லாரும் 'அது', 'அந்தச் சமாசாரம்', 'திருப்பொருள்' என்று திண்டாடினார்கள். மூன்றாம் நாள் ராணி தாய்வீட்டுக்குப் பல்லக்குக் கட்டச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பகலில் பூவராகன் மிக்க பணிவோடு இன்னொரு செய்தியும் சொன்னான். ஏரியில் இன்னும் நிறைய இருக்கிறதாம். கீழ்மடைக்காரர்கள் நாணயஸ்தர்கள், ஒரு சொட்டு விடாமல் தினமும் கொண்டுவந்து ஒப்படைப்பார்களாம்.

ராஜா அனந்தராயரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மந்திரி உத்தியோகம் ஆட்டம் கண்டது. அவசரத்தில் மந்திரிக்கு ஒரு வழி தோன்றியது. ராஜ உடைமையை ராஜா தானமாகக் கொடுத்துவிடலாமே! "பிரபு, இந்தத் தண்ணீர் முழுவதையும் கீழ்மடைக் குடிகளுக்கே குடிநீராக வழங்கிவிடுங்கள். இனிமேல் அது அவர்கள் பொருள்" என்றார். ராஜாவின் முகம் மலர்ந்தது. வழங்கினேன் என்று சொல்லிவிட்டார்.

அனந்தராயருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, ஒன்றைத் தவிர. பூவராகன் வெள்ளிக் கிண்ணம் ஒன்றில் பானைத் தண்ணீரை மொண்டு, மேலே ஒரு துளசி இலையும் போட்டு, அவர் முன்னால் நீட்டினான்.

"மந்திரியாரே, ராஜா குடிகளுக்குக் குடிநீர் வழங்குகிறார். ஒரு வாய் ருசி பார்த்து 'பேஷ்' சொல்ல வேண்டியது தாங்கள்தான்."

கிண்ணத்தில் நுரை மெல்ல உடைந்தது. மந்திரி ராஜாவைப் பார்த்தார். ராஜா கூரையைப் பார்த்தார். மந்திரி கிண்ணத்தை வாங்கி உதட்டருகே கொண்டுபோனார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்.

"இந்தக் கழிவை மனுஷன் குடிப்பானா?"

பானைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மங்கைதான் பதில் சொன்னாள். சத்தம் போடாமல், கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொன்னாள்.

"ஆறு மாசமா குடிக்கிறோம், சாமி."

ராஜா முதலில் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தரையில் சிந்திக் கிடந்த நுரையையும், மந்திரி நின்ற கோலத்தையும், மீதித் துளசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவியாக நின்ற பூவராகனையும் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். ராஜா சிரித்ததும் மூன்று நாளாக மூச்சை அடக்கியிருந்த சபை முழுவதும் சிரித்தது, இருமியது, ஜன்னல் பக்கம் ஓடியது.

கழுதையைக் கொண்டுவரச் சொன்னார் ராஜா. பூவராகன் குறுக்கே விழுந்து தடுத்தான். கழுதை என்ன பாவம் செய்தது, அதற்கு எதற்கு இந்தப் பாரம் என்று கேட்டான். அப்படியானால் உனக்கு என்ன பரிசு வேண்டும், எதுவானாலும் கேள், தந்தேன் என்றார் ராஜா. பொன் கேட்பான், கிராமம் கேட்பான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

"அரசே, அரண்மனை வாய்க்கால் மேல்மடைக்கு மேலே பிரிகிறது. அதன் மதகை நெல் சாலைக்குக் கீழே நூறடி தள்ளிக் கட்ட உத்தரவிட வேண்டும். கீழ்மடைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரையே தாங்களும் மந்திரிமார்களும் குடித்தால் எங்களுக்கு அதைவிடப் பெருமை வேறில்லை."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் தந்தேன் என்று சொல்லியாயிற்று, நூறு பேர் கேட்டாயிற்று. மதகு கட்ட எத்தனை நாளாகும் என்றார். பதினைந்து நாள் ஆகும் என்றார் அரண்மனைக் கொத்தனார். சரி, கட்டு என்றார். அதை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பை அனந்தராயருக்கே கொடுத்தார். அவர் வீட்டுக் கிணறும் அந்த வாய்க்கால் ஊற்றில்தான் இருந்தது.

அந்தப் பதினைந்து நாளில் மந்திரி காட்டிய சுறுசுறுப்பை நாடு அதுவரை பார்த்ததில்லை. விடிவதற்குள் மேல்மடையில் நிற்பார். ஊறல் தண்ணீர் கால்வாயில் இறங்காமல் அடுத்தடுத்து நாலு குழி வெட்டினார். மணலும் கரியும் நிரப்பினார். குழிகளில் தெளிந்த நீரை அரண்மனை வாழைத் தோட்டத்துக்குத் திருப்பினார். உமியைக் கொளுத்துவதை நிறுத்தி, செங்கல் சூளைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகட்டும் என்றார். மீதியைக் கொப்பரை அடுப்புகளிலேயே எரித்தார். விறகு வெட்டும் வேலையும் மிச்சமாயிற்று. ஆயிரம் கொப்பரையில் ஒன்றுகூட அணையவில்லை. இத்தனை நாளும் முடியவே முடியாது என்று சொன்ன காரியம் எல்லாம், புதிய மதகு திறப்பதற்கு இரண்டு நாள் முன்னதாகவே முடிந்துபோயிற்று. மழைக்காலம் வந்து ஏரியை ஒருதரம் நிரப்பி, மிஞ்சிய நீரைக் கலிங்கு வழியாக வெளியே தள்ளியதும் தண்ணீர் தெளிந்தது. மங்கையின் எருமைகள் இறங்கிக் கழுத்தளவு படுத்துக்கொண்டன. கீழ்மடைக்காரர்கள் வண்டிகளை அவிழ்த்துவிட்டார்கள்.

குடிகளின் நீர்நிலைகளைக் காப்பது எப்படி என்று அனந்தராயர் சபையில் ஒரு நாள் முழுக்கப் பேசினார். தமக்குச் சின்ன வயதிலிருந்தே ஏரி என்றால் உயிர் என்றார். எல்லாரும் பேஷ் பேஷ் என்றார்கள்.

பேச்சு முடிந்ததும் ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஒன்றுதான் புரியவில்லை என்றார். குழி வெட்டுவதும் கரி கொட்டுவதும் இவ்வளவு சுலபமான வேலை என்றால், முன்னாலேயே ஏன் செய்யவில்லை?

"முன்னால் அந்தத் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது, அரசே" என்றான் பூவராகன். "கீழே போகிறதற்கு யார் அவசரப்படுவார்கள்?"

ராஜா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு மற்ற நாள் சிரிப்பைவிடச் சற்றுச் சீக்கிரமே முடிந்துவிட்டது. தாகமாக இருக்கிறது என்று தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வந்த செம்பை ஒருதரம் மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.